பூட்டனைத் தேடி அறைவீட்டுக்கு

தெஹிவளைத் தமிழரிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால் தெஹிவளை என்று பதில் வருவது அபூர்வம். பருத்தித்துறை, பாசையூர், மன்னார், தூத்துக்குடி, பதுளை என்று வேறோர் ஊர்தான் வரும். அந்த ஊருக்கும் தெஹிவளைக்கும் நடுவில் பெரும்பாலும் இன்னும் இரண்டு முகவரிகள் இருக்கும்: அப்பா காலத்தில் வெள்ளவத்தை, அப்பப்பா காலத்தில் கொட்டாஞ்சேனை. வாடகை வீடு, கல்யாணம், கலவரம், இடப்பெயர்வு என்று ஒவ்வொரு காரணத்தால் காலி வீதியோரமாகத் தெற்கே நகர்ந்த குடும்பங்கள் இவை. முன்னோரைத் தேடுகிறவர் அதே வழியில் வடக்கே திரும்பி நடக்க வேண்டும். ஒரேயடியாகச் சொந்த ஊருக்குப் பாய்கிறவர்கள் அங்கே ஒரே பெயரில் ஐந்து பேரைக் கண்டு திகைத்து நின்றுவிடுகிறார்கள்.

இந்த அத்தியாயம் கிறிஸ்தவக் கோயில்களின் பதிவேடுகளைப் பற்றியது. சைவ வாசகர்கள் இதைத் தாண்டிப் போய்விட வேண்டாம். ஒல்லாந்தர் காலத்துக்கு வரும்போது ஏன் என்று தெரியும். யாழ்ப்பாணத்து அரசன் ஆரியச்சக்கரவர்த்தியின் வாரிசு என்று நிறுவுவதற்காகத் தேடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு முன்னெச்சரிக்கை: ஏடுகளில் கிடைப்பவர்கள் அநேகமாகத் தச்சர்களும் வள்ளக்காரர்களும் கிளாக்கர்மாரும் சமையற்காரர்களும்தான்.

வீட்டு அலுமாரியில் உள்ளவை

பாதர் தங்கும் அறைவீட்டின் கதவைத் தட்டுமுன் வீட்டு அலுமாரியைத் திறவுங்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழை எடுத்து, பெயரையும் திகதியையும் தாண்டிக் கீழே வாருங்கள். பாட்டன் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கூடு இருக்கும். தகப்பன் இலங்கையில் பிறக்காமல் பூட்டன் இங்கே பிறந்திருந்தால் அந்த விபரத்துக்கு இன்னொரு கூடு. அரசாங்கத்துக்கு நமது பூட்டன்மீது இத்தனை அக்கறை வந்ததன் பின்னால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இருக்கிறது. தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இருவருமே இங்கே பிறந்திருக்க வேண்டும் என்று அது கேட்டது. பிறப்பு, இறப்புகளைப் பதியும் சட்டம் 1867இல் வந்தாலும் அது ஊருக்கு ஊர் ஒழுங்காக நடைமுறைக்கு வரப் பல காலம் எடுத்தது. பூட்டனின் பிறப்பைக் காகிதத்தில் காட்ட முடியாமல் மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவர்களானார்கள். அந்தக் குடியுரிமைச் சட்டத்தின் தடம்தான் இன்று தேடுகிறவர் கையில் ஒரு துப்பாக வந்து சேர்ந்திருக்கிறது. பதியப் போனவர் வாயால் சொன்னதைத்தான் எழுதினார்கள் என்பதால், ஆண்டை ஒன்றிரண்டு முன்பின்னாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கல்வெட்டு. யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்வதானால், ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளில் உறவினர் அச்சிட்டுக் கொடுக்கும் நினைவு மலர். தேவாரமோ செபமோ எதுவானாலும், நடுப்பக்கத்தில் வம்சாவளி வரைபடம் ஒன்று பெரும்பாலும் இருக்கும். பெரியம்மாவின் பெட்டிக்கு அடியில் இப்படி நாலைந்து கிடக்கலாம். கிடைக்காவிட்டால் 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகத்தில் தேடுங்கள். நினைவு மலர்களும் கோயில்களின் யூபிலி மலர்களும் அங்கே ஏராளமாக எண்ணிம வடிவில் இருக்கின்றன, இலவசம். யூபிலி மலரில் எந்தப் பங்கு எந்த ஆண்டு எதிலிருந்து பிரிந்தது என்பதும் இருக்கும். அது பிறகு தேவைப்படும்.

பழைய செபப் புத்தகம், வேதாகமம் இவற்றின் முன்பின் வெற்றுத்தாள்களையும் பாருங்கள். பிள்ளைகள் பிறந்த நாளும் ஞானஸ்நானம் கொடுத்த நாளும் அங்கே பென்சிலில் குறித்திருப்பார்கள்.

எந்தக் கோயில்?

தேடல் திசைமாறிப் போவது அதிகமும் இந்த இடத்தில்தான். இன்று வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கோயிலில் அன்றைய பதிவு இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். ஒரு பங்கு உருவான நாளிலிருந்துதான் அதன் ஏடு தொடங்கும். அதற்கு முந்திய ஞானஸ்நானங்கள் தாய்ப் பங்கில் இருக்கும். தாய்ப் பங்குக்கும் ஒரு தாய் இருக்கும். தெஹிவளை புனித மரியாள் ஆலயத்திலோ வெள்ளவத்தை புனித லோறன்சு ஆலயத்திலோ கேட்கப்போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பங்கு ஏற்படுமுன் இங்குள்ளவர்கள் எந்தக் கோயிலுக்குப் போனார்கள் என்பது. கோயிலிலேயே வளர்ந்த ஒரு முதிய மூப்பர் இதற்குப் பதில் சொல்வார்.

கத்தோலிக்கக் குடும்பமானால் கொழும்புத் தேடல் பெரும்பாலும் கொட்டாஞ்சேனையில் போய்ச் சேரும். புனித லூசியா பேராலயம் இருக்கும் மேட்டில் 1760இலேயே ஓலைக்கூரையோடு ஒரு சிற்றாலயம் இருந்தது. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தின் தொடக்கமும் ஒல்லாந்தர் காலத்துக் கோவை (கோவா) குருக்களோடு சேர்ந்தது. துறைமுகத்துக்கு அடுத்த பகுதி என்பதால் தூத்துக்குடிப் பரதர், கொழும்புச் செட்டிகள், மலையாளத்தார், யாழ்ப்பாணத்தார், சிங்களவர் எல்லோரும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்த வரிகளில் வருவார்கள்.

ஒரு சிக்கலும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கர் இரு அதிகாரங்களின் கீழ் இருந்தார்கள். ஒரு பகுதியார் போர்த்துக்கல் அரசரின் உரிமையைச் சொல்லிக் கோவைக் குருக்களோடு நின்றார்கள். மற்றவர்கள் ரோமாபுரி நேராக அனுப்பிய ஐரோப்பியக் குருக்களை ஏற்றார்கள். ஒரே தெருவில் அண்ணன் ஒரு கோயிலுக்கும் தம்பி வேறு கோயிலுக்கும் போன காலம் அது. 1886ஐ ஒட்டி இந்தப் பிளவு தீர்க்கப்பட்டது. அதற்கு முந்திய ஒரு பிள்ளையின் ஞானஸ்நானத்தைக் காணவில்லையென்றால், அடுத்த கோயிலின் ஏட்டையும் பார்க்காமல் கைவிடாதீர்கள்.

அங்கிலிக்கன் தமிழருக்கு ஜிந்துப்பிட்டி புனித தோமையார் ஆலயம் முக்கியம். பிரவுன்றிக் தேசாதிபதி காலத்தில் தமிழ்ச் சபைக்காக எழுந்தது. எழுத்தாளர் மைக்கல் ஒந்தாச்சி தம் குடும்பப் பெயரைக் கல்லிலும் ஏட்டிலும் தேடி இந்தக் கோயிலுக்கு வந்ததை 1982இல் வெளியான ‘ரன்னிங் இன் த ஃபேமிலி’ நூலில் எழுதியிருக்கிறார். தேடப் புறப்படுகிறவர்கள் அந்தப் பகுதியை ஒருமுறை வாசித்துவிட்டுப் போகலாம். பூச்சி அரித்த ஏடு எப்படி இருக்கும் என்பதற்கு மனம் தயாராகும். காலிமுகத்தில் 1853இல் திறந்த கிறைஸ்ட் சேர்ச், சி.எம்.எஸ். என்ற அங்கிலிக்கன் மிஷனுடையது; ஆங்கிலம், சிங்களம், தமிழ் மூன்றிலும் வழிபாடு நடந்த கோயில். மெதடிஸ்தர் 1814இல் காலியில் வந்திறங்கியவர்கள்; அவர்களின் கொழும்புத் தாய்க்கோயில் புறக்கோட்டையில். தெஹிவளையிலிருந்து போகிறவர்களுக்குக் காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்களோ கோட்டைக்கான கரையோர ரயிலோ போதும்.

அறைவீட்டில்

ஞாயிறு பூசை முடிந்த கையோடு போய் நிற்காதீர்கள். அன்று பாதருக்கு முன்னால் இருபது பேர் நிற்பார்கள். கிழமை நாளொன்றில், முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, அலுவலக நேரத்தில் போங்கள். அடையாள அட்டை, உறவைக் காட்டும் சான்றிதழ்ப் பிரதி, தேடும் பெயர்களும் ஏறத்தாழ ஆண்டும் எழுதிய ஒரு தாள், இவ்வளவும் கையில் இருக்கட்டும். "எங்கட குடும்பம் முழுக்கப் பார்க்க வேணும் பாதர்" என்று தொடங்கினால் ஏடு வெளியே வராது. "1928க்கும் 1934க்கும் இடையில் ஒரு கல்யாணம்" என்று கேட்டால் வரும். ஏட்டைப் பார்ப்பது நமது உரிமை என்று நினைப்பது தவறு. அது பங்கின் உள்ளக ஆவணம். அதில் மற்றவர்களின் அந்தரங்கமும் இருக்கிறது. பாதர் தாமே பார்த்துச் சொல்வதானால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். படம் எடுப்பதற்குத் தனியாக அனுமதி கேளுங்கள். பேனையை வெளியில் எடுக்க வேண்டாம், பென்சில் போதும். விரலை நாக்கில் தொட்டுத் தாள் புரட்டும் பழக்கம் உள்ளவர்கள் அன்று ஒருநாள் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வரட்டும்.

கத்தோலிக்கப் பங்குகள் ஏடு வைக்கத் தொடங்கியதற்கு 1563இல் முடிந்த திரெந்து பொதுச்சங்கத்தின் கட்டளை காரணம். யார் யாரைக் கட்டலாம், யாரைக் கட்டக்கூடாது என்பதைத் திருச்சபை அறிந்திருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நமது வசதிக்காக ஒரு வரியும் எழுதப்படவில்லை. இதை மனதில் வைத்தால் ஏட்டின் ஒவ்வொரு கூடும் பேசத் தொடங்கும்.

ஞானஸ்நான ஏட்டில் ஓரத்தைப் பாருங்கள். 1908இல் நடைமுறைக்கு வந்த ரோமாபுரிக் கட்டளையின்படி, ஒருவர் எங்கே கல்யாணம் செய்தாலும் அந்தச் செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்பப்பட்டு, அவருடைய பதிவின் ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும். ஆகவே 1890இல் பாசையூரில் பிறந்த பிள்ளையின் பெயருக்கு அருகில், சின்னஞ்சிறு எழுத்தில், கொழும்பிலோ சிங்கப்பூரிலோ நடந்த கல்யாணத்தின் திகதியும் மனைவியின் பெயரும் இருக்கலாம். ஊரை விட்டுப் போனவர் எங்கே போனார் என்பதை வேறெந்த ஆவணமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லாது. எல்லாப் பாதர்மாரும் ஒழுங்காகக் குறித்தார்கள் என்று சொல்ல முடியாது. குறித்தவர்களை நன்றியோடு நினையுங்கள்.

கல்யாண ஏட்டில் பார்க்க வேண்டியது தடைவிலக்கு. மச்சான் மச்சாளைக் கட்டுவது நமக்கு முறை. திருச்சபைக்கு அது தடை. ஆயரிடமிருந்து விலக்கு வாங்கினால்தான் தாலி கட்டலாம், வாங்கியதை ஏட்டில் எழுதவும் வேண்டும். பழைய கணக்கில் பொதுவான முன்னோரிலிருந்து எத்தனை படி இறங்கியது என்று எண்ணினார்கள். ‘இரண்டாம் படி’ என்றிருந்தால் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பாட்டனோ பாட்டியோ ஒருவர். ‘மூன்றாம் படி’ என்றால் பூட்டன் ஒருவர். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்துக்குப் பிறகு எண்ணும் முறை மாறி, அதே மச்சான் மச்சாள் உறவு ‘நான்காம் படி’ ஆகிவிட்டது. ஆண்டைப் பார்த்து எண்ணுங்கள். இலத்தீனில் ஒற்றை வரியாகக் கிடக்கும் இந்தக் குறிப்பை விட்டுவிட்டு, பாட்டி வீட்டுப் பக்கத்தைத் தேடித் தனியாக ஒரு மரம் வரைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரு கொப்பும் ஒரே அடிமரத்தில்தான் போய்ச் சேருகின்றன என்பதைப் பாதர் ஒருவர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருப்பார்.

திகதிகளில் ஒரு பொறி உண்டு. பழைய ஏடுகளில் மாதத்தை 7 என்ற இலக்கத்தோடு ‘பெர்’ என்று சேர்த்து எழுதியிருந்தால் அது யூலை அல்ல, செப்டெம்பர். 8 ஒக்டோபர், 9 நவம்பர், ரோம இலக்கப் பத்து டிசம்பர். இலத்தீன் ஏட்டில் தகப்பன் பெயரின் வால் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள்: ‘யோசேஃபி’ என்பது புதிதாக ஒரு பெயரன்று, யோசேப்புவின் மகன் என்பதில் வரும் ‘யோசேப்புவின்’.

பெயர் என்ற பெருங்காடு

பறங்கியருக்கும் கொழும்புச் செட்டிகளுக்கும் பரதருக்கும் பரம்பரைப் பெயர் இருக்கிறது. பெர்னாண்டோ, காசிச்செட்டி, ஒந்தாச்சி என்று பிடித்துக்கொண்டு நூற்றாண்டுகளைத் தாண்டலாம். மற்றத் தமிழருக்கு அந்த வசதி இல்லை. தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால்; அடுத்த தலைமுறையில் முன்னால் இருந்தது உதிர்ந்துவிடும். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. ஒவ்வொரு பதிவும் இரண்டு தலைமுறையைச் சேர்த்துத் தருகிறது. ஒரு பதிவைச் சரியாகப் பிடித்தால் அடுத்ததற்கான நுனி கையில் இருக்கும்.

சரியாகப் பிடிப்பதுதான் பாடு. வீட்டில் சூசைப்பிள்ளை, இலத்தீன் ஏட்டில் யோசேஃபுஸ், ஆங்கில விவாகப் பதிவில் ஜோசப், கந்தோரில் தகப்பன் பெயரோடு ஜே. சந்தியாப்பிள்ளை. நால்வரும் ஒருவரே. இராயப்பு பீட்டர், சின்னப்பு போல், அருளப்பு ஜோன், முடியப்பு ஸ்டீபன், சந்தியாகு ஜேம்ஸ், பெலவேந்திரம் அன்ட்ரூ, ஞானப்பிரகாசம் அலோசியஸ். தேடப் போகுமுன் உங்கள் குடும்பத்துப் பெயர்களுக்கு இப்படி ஒரு பட்டியல் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இணையத் தேடலில் ஒரு எழுத்துக்கூட்டல் கிடைக்கவில்லை என்றால் மறுபெயரைப் போட்டுப் பாருங்கள்.

அமெரிக்க மிஷன் ஊர்களில் இன்னொரு வகை உண்டு. 1816இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய அந்த மிஷனின் விடுதிப் பாடசாலைகளில், பிள்ளையின் செலவைப் பொறுத்த அமெரிக்கப் புரவலரின் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டினார்கள். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை போன்ற அறிஞர்களின் பெயருக்கு முன்னால் நிற்கும் ஆங்கிலப் பெயர்கள் அப்படி வந்தவை. உங்கள் பூட்டனுக்கு இப்படி ஒரு பெயர் இருந்தால் வெள்ளைக்கார இரத்தத்தைத் தேட வேண்டாம்; வட்டுக்கோட்டைச் செமினரியின் மாணவர் பட்டியலைத் தேடுங்கள். படித்து முடித்துப் பலர் மீண்டும் சைவத்துக்குத் திரும்பினார்கள். ஆகவே சைவக் குடும்பங்களுக்கும் அந்தப் பட்டியலில் வேலை இருக்கிறது.

பெயர் கைவிடும் இடத்தில் கைகொடுப்பவர்கள் ஞானப்பெற்றோர். ஞானத்தகப்பனுக்கும் பிள்ளைக்கும் ஏற்படும் ஆவிக்குரிய உறவும் கல்யாணத்துக்குத் தடையாக இருந்தது. அதனால்தான் ஞானப்பெற்றோரின் பெயரை எழுதாமல் எந்தப் பாதரும் பதிவை முடிக்கவில்லை. நமது ஆட்கள் அந்தப் பொறுப்பை வழிப்போக்கரிடம் கொடுப்பதில்லை. தாய்மாமன், சித்தப்பா, பெரியம்மா, ஊரில் பெரிய மனிதர் என்றுதான் கேட்பார்கள். ஆகவே ஒரே பெயரில் இரண்டு சூசைப்பிள்ளைகள் வரும்போது எவர் நமது ஆள் என்பதைத் தீர்மானிக்க, இருவருடைய பிள்ளைகளின் ஞானப்பெற்றோரையும் வரிசையாக எழுதிப் பாருங்கள்.

கற்பனையாக ஒரு குடும்பத்தை வைத்துச் செய்து பார்ப்போம். அப்பப்பா சூசைப்பிள்ளை 1931இல் கொட்டாஞ்சேனையில் கல்யாணம் செய்தார் என்பது மட்டும் தெரியும். கல்யாணப் பதிவு கிடைக்கிறது: வயது 26, கிளாக்கர், தகப்பன் சந்தியாப்பிள்ளை, தொழில் தச்சு. சாட்சிகள் இருவர், அவர்களில் ஒருவர் பஸ்தியாம்பிள்ளை. ஊர் பெயர் இல்லை. இனி அதே கோயிலின் ஞானஸ்நான ஏட்டில் அடுத்த பத்தாண்டைப் புரட்டினால் சூசைப்பிள்ளையின் பிள்ளைகள் மூவர் வருகிறார்கள். மூத்தவனுக்கு ஞானத்தகப்பன் அதே பஸ்தியாம்பிள்ளை. இரண்டாவது பிள்ளைக்கு ஞானத்தாய் ஒருத்தி. அவள் பெயருக்குப் பக்கத்தில் பாதர் ‘பாசையூர்’ என்று எழுதியிருக்கிறார். பாசையூர் ஏட்டில் 1905ஐ ஒட்டிய ஆண்டுகளில் சந்தியாப்பிள்ளையின் மகன் சூசைப்பிள்ளை என்று இருவர் இருக்கலாம். பஸ்தியாம்பிள்ளை என்ற அண்ணனோ மாமனோ எவருக்கு இருக்கிறார் என்று பார்த்தால் ஒருவர் கழிந்துவிடுவார். மற்றவருடைய பதிவின் ஓரத்தில் ‘கொழும்பு, 1931’ என்று குறிப்பு இருந்தால் தேடல் முடிந்தது.

யாழ்ப்பாணக் குடும்பங்களில் பிள்ளைகளின் ஞானஸ்நானத்தைத் தகப்பனின் ஊரில் தேடிக் களைத்துப்போகிறவர்கள் பலர். வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகப் போவதால், கல்யாணமான பின் மாப்பிள்ளை பெண்ணின் ஊரில் குடியேறுவதுதான் அங்கே வழமை. மூத்த பிள்ளையோ அநேகமாக அம்மம்மா வீட்டில்தான் பிறக்கும். தாயின் பங்கிலிருந்து தொடங்குங்கள். சீதன உறுதியும் இருந்தால் காணியின் பெயரும் அயலவர் பெயரும் சேர்ந்து கிடைக்கும்.

ஏட்டில் பார்க்க விரும்பாததும் வரும். சாதி எழுதிய கூடு, தகப்பன் பெயர் வெறுமையாக விட்ட வரி, இலத்தீனில் ‘நத்துராலிஸ்’ என்று விவாகமின்றிப் பிறந்த பிள்ளையைக் குறித்த சொல். குறிப்பேட்டில் உள்ளபடியே எழுதிக்கொள்ளுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுமுன் அதனால் நோகக்கூடியவர் உயிரோடு இருக்கிறாரா என்று யோசியுங்கள்.

1806க்கு முன்

கொழும்பை ஒல்லாந்தர் 1656இல் பிடித்தார்கள், யாழ்ப்பாணத்தை 1658இல். கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள். 1806இல் மெயிற்லண்ட் தேசாதிபதி அந்தத் தடைகளை நீக்கும்வரை சட்டம் அவர்களுக்கு எதிராகவே இருந்தது. விவாகம் செல்லுபடியாக வேண்டுமானால் ஒல்லாந்த சபையில் பதிய வேண்டும். பிள்ளைக்குச் சொத்து இறங்குவதும் உத்தியோகம் கிடைப்பதும் அந்தப் பதிவையே பார்த்தன. ஆகவே இரவில் கோவைக் குருவிடம் பூசை கண்டவர்களும், வீட்டுக்குள் சிவபூசை செய்தவர்களும், பகலில் ஒல்லாந்தப் பள்ளிக்கூடத்தில் போய்ப் பெயர் கொடுத்தார்கள். "நாங்கள் பரம்பரைச் சைவம், எங்களுக்கு ஏன் கோயில் ஏடு" என்பவர்களுக்குப் பதில் இங்கேதான். அந்த நூற்றாண்டில் உங்கள் முன்னோரின் பெயரும் தோம்பு என்ற ஒல்லாந்தப் பதிவேட்டில் கிறிஸ்தவப் பெயரோடு இருக்கக்கூடும். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை, பெருமைப்படவும் வேண்டியதில்லை.

தோம்புகள் மூன்று வகை. பள்ளிக்கூடத் தோம்பில் ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஞானஸ்நானம், விவாகம் முதலியவற்றைக் குடும்பவாரியாகப் பதிந்தார். அவர்தான் அன்று ஊருக்குப் பதிவாளர். தலைத்தோம்பில் குடும்பத்தில் யார் யார், என்ன சாதி, அரசுக்கு என்ன ஊழியம் என்பது வரும். காணித்தோம்பில் நிலம். தெஹிவளை, வெள்ளவத்தைப் பகுதிகள் சல்பிட்டி கோறளைக்குள் அடங்கும். தேடும்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். பள்ளிக்கூடத் தோம்பில் ஒரே நாளில் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு ஞானஸ்நானம் நடந்திருந்தால் வியக்காதீர்கள். போதகர் சுற்றுப்பிரயாணமாக வந்த நாள் அது. அந்தத் திகதியைப் பிறந்த நாளாக எழுதிவிடக் கூடாது.

இவற்றைக் காணக் கொழும்பு 7, பிலிப் குணவர்தன மாவத்தையிலுள்ள தேசிய சுவடிக்கூடத்துக்குப் போக வேண்டும். றீட் அவெனியூ என்றால் பழைய ஆட்களுக்கு விளங்கும். வாசகர் அனுமதி பெற்று, பட்டியலைப் பார்த்து, தொகுதி இலக்கத்தை எழுதிக் கொடுத்தால் எடுத்துத் தருவார்கள். இலங்கையில் உள்ளவையும் சேர்ந்த ஒல்லாந்தக் கம்பனி ஆவணங்களை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது. கையாளும் கட்டுப்பாடுகள் கடுமையாக இருப்பதில் நியாயம் உண்டு. ஏடு ஒல்லாந்த மொழியில், 18ஆம் நூற்றாண்டுக் கையெழுத்தில் இருக்கும். முதல் நாள் ஒன்றும் விளங்காது. தந்தை, தாய், சாட்சி, கைம்பெண், மாதப் பெயர்கள் என இருபது சொற்களை அச்செழுத்தில் எழுதி எடுத்துப்போய், அவற்றின் கையெழுத்து வடிவத்தை மட்டும் முதலில் பழகிக்கொண்டால் இரண்டாம் நாள் வரிகள் பிரியத் தொடங்கும்.

வீட்டிலிருந்தபடியே பார்க்கக்கூடியதும் ஒன்று உண்டு. ஃபேமிலிசேர்ச் என்ற இலவச இணையத்தளத்தில் கொழும்பு மாவட்ட ஒல்லாந்தச் சீர்திருத்தச் சபைப் பதிவுகள், 1677 முதல் 1990 வரை என்ற தொகுப்பு இருக்கிறது. அந்தச் சபையின் பெருங்கோயில் கொட்டாஞ்சேனைக்கு அருகில் வுல்பெண்டாலில் 1757இல் கட்டி முடிக்கப்பட்டது. சபையின் அலுவலகமோ வெள்ளவத்தைக் காலி வீதியிலேயே. பறங்கியருக்கு மட்டும் உரியது என்று நினைத்து நம்மவர்கள் இந்தப் பக்கம் போவதே இல்லை. தமிழ்ப் போதகர்களும் தமிழ்ச் சபையாரும் அந்த ஏடுகளில் நிறைய. பறங்கியர் தங்கள் பங்குக்கு 1908 முதல் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கச் சஞ்சிகையில் குடும்பக் குடும்பமாக வம்சாவளி அச்சிட்டு முடித்துவிட்டார்கள். கலப்பு மணம் நடந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அதிலும் துண்டு துண்டாகத் தகவல் கிடைக்கும்.

ஏடு இல்லாத ஊர்

போரில் கோயிலோடு ஏடும் போன ஊர்கள் உண்டு. அங்கே கல்யாணப் பதிவுகளுக்கு ஒரு மாற்றுவழி இருக்கிறது. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, கோயிலில் விவாகம் நடத்தும் குரு அதன் இரண்டாம் பிரதியை மாவட்டப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். கோயில் பிரதி எரிந்திருந்தாலும் அரச பிரதி பிழைத்திருக்கலாம். பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் கொடுத்துத் தேடுவியுங்கள். ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால் தேடும் கால எல்லையைக் குறிப்பிட்டுக் கேட்கலாம்.

மிஷன்களின் கடிதங்களும் அறிக்கைகளும் கடல் கடந்து கிடக்கின்றன. அமெரிக்க மிஷனுடையவை ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில், சி.எம்.எஸ். மிஷனுடையவை பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், மெதடிஸ்த மிஷனுடையவை இலண்டன் சோவாஸ் நூலகத்தில். சாதாரண விசுவாசியின் ஞானஸ்நானம் அங்கே இராது. உபதேசியார், பள்ளி ஆசிரியர், வேதாகமப் பெண் என்று மிஷனில் சம்பளம் வாங்கியவர்களின் வாரிசுகள் மட்டும் எழுதிப் பார்க்கலாம். தோட்டப்புறக் குடும்பங்கள் 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் அறிக்கைகளைச் சி.எம்.எஸ். தொகுதியில் கேட்கலாம்.

கொட்டாஞ்சேனை ஏட்டில் தேடல் தூத்துக்குடிக்குத் தாவினால் அங்கே பனிமய மாதா பேராலயத்தில் தொடங்குங்கள். கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். கொழும்பில் கிடைத்த பதிவின் பிரதியை இணையுங்கள். பரம்பரைப் பெயரை ஏட்டில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே எழுதிவிட்டு, வீட்டில் சொல்லும் பட்டப்பெயர் இருந்தால் அதையும் பக்கத்தில் குறியுங்கள். ஒரே பரம்பரைப் பெயர் கொண்டவர்கள் நூற்றுக்கணக்கில் உள்ள கரையோர ஊர்களில் ஆளைப் பிரித்துக் காட்டுவது அந்தப் பட்டப்பெயர்தான்.